‘கரண்ட் வைப்பது’ என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

நம் சினிமாவில் ஒருவரை மனநல மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் அடுத்த காட்சி என்ன என்று பாதித் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடலாம். கட்டிலோடு சேர்த்துக் கட்டுவார்கள். நெற்றிப்பொட்டில் இரண்டு பக்கமும் ஏதோ ஒன்றை அழுத்துவார்கள். யாரோ ஒரு திருகியைத் திருப்ப, உடம்பு வில்லாக வளையும், அலறல் கேட்கும். நகைச்சுவைப் படம் என்றால் கூடுதலாகத் தலைமுடி குத்திட்டு நிற்கும்.

இதையே பார்த்து வளர்ந்ததால், டாக்டர் “இ.சி.டி. கொடுத்துப் பார்க்கலாம்”, அதாவது கரண்ட் வைக்கலாம், என்று சொன்ன மறுநாளே நோயாளியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடும் குடும்பங்கள் உண்டு. இன்னொரு பக்கம், கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவது மாதிரி மூளையை ‘ரீசெட்’ செய்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் அளந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சிலுமே ஒரே கோளாறுதான். நோயைத் தணிப்பது கரண்ட் என்று இரண்டு தரப்பும் நினைக்கின்றன.

இ.சி.டி. என்பது மூளைக்குள் கொஞ்ச நேரம் மின்சாரம் செலுத்தி வலிப்பை வரவழைக்கும் சிகிச்சை. அந்த வாக்கியத்தின் கடைசிப் பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

ஊதுவத்தியும் ஆயிரம்வாலாவும்

தீபாவளிக்கு ஆயிரம்வாலா கொளுத்தியிருப்பீர்கள். ஊதுவத்தி நுனியில் இருக்கும் நெருப்பு மிஞ்சிப்போனால் மிளகு அளவு. அதைத் திரியில் ஒரு நொடி காட்டிவிட்டு ஓடிவிடுகிறோம். அப்புறம் தெருவே அதிர்வது சரத்தின் வேலை. ஒரு வெடி அடுத்ததைப் பற்றவைக்கும், அது அதற்கடுத்ததை. ஊதுவத்தியைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதில்லை.

இ.சி.டி.யில் கரண்ட் அந்த ஊதுவத்தி. ஆயிரம்வாலா, வலிப்பு.

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. சின்னச் சின்ன மின் துடிப்புகளால் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. வழக்கமாக ஒவ்வொரு கூட்டமும் தன் வேலைக்கு ஏற்றபடி தனித்தனி நேரத்தில் துடிக்கும். மூளையின் பெரும்பகுதி ஒரே சமயத்தில், ஒரே தாளத்தில் துடிக்க ஆரம்பித்துவிட்டால் அதற்குப் பெயர்தான் வலிப்பு. வெளியிலிருந்து கொடுக்கும் கரண்ட் சில விநாடிகளில் நின்றுவிடும். வலிப்பு அதன்பிறகும் தானாகவே ஓடும், பெரும்பாலும் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை.

ஆக, இயந்திரம் செய்வது தொடங்கிவைப்பது மட்டும். சிகிச்சை என்று சொல்லத்தக்கது அதன்பிறகு மூளை தானே செய்துகொள்வது.

இதற்குச் சான்று இருக்கிறது. 1950-களின் பிற்பகுதியில் ஃபுளூரோதைல் என்ற ஆவியை நோயாளிகளை முகரவைத்து வலிப்பு வரவழைத்தார்கள். கரண்ட் துளியும் கிடையாது. பலன் இ.சி.டி.க்கு நிகராகவே இருந்தது.

கட்டிப்போட்ட கருவிகள்

சரி, மனநோய்க்குக் கருவி என்றாலே நமக்கு ஏன் வயிற்றைக் கலக்குகிறது? காரணம் இருக்கிறது. இ.சி.டி. கொடுக்கும் பெட்டிக்கு முன்னால் வந்தவை அப்படி.

பெஞ்சமின் ரஷ் என்பவர் பிலடெல்பியாவில் பேர்பெற்ற மருத்துவர், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். 1811 வாக்கில் அவர் ஒரு நாற்காலி செய்தார். கை, கால், மார்பு எல்லாவற்றுக்கும் வார். தலையைச் சுற்றி மரப்பெட்டி. இருக்கைக்குக் கீழே ஒரு வாளி, மலஜலத்துக்கு. ஆள் எழுந்திருக்கவே போவதில்லை என்பது அந்த வாளியிலேயே தெரிந்துவிடுகிறது. பைத்தியம் என்பது மூளையின் ரத்தக்குழாய்களில் வரும் நோய், உடம்பை அசையாமல் வைத்தால் தலைக்குப் போகும் ரத்த வேகம் தணியும் என்பது அவர் நம்பிக்கை. சாந்தப்படுத்தும் நாற்காலி என்று அதற்குப் பெயரும் வைத்தார்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஜோசப் மேசன் காக்ஸ், நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்துத் தலைசுற்றி வாந்தி வரும்வரை சுழற்றும் முறையைப் பரப்பினார். பிறகு நியூயார்க் மாநிலத்து யூடிகா காப்பகத்தில், மேலே மூடி போட்ட மரத் தொட்டில் ஒன்றில் ஆட்களைப் படுக்கவைத்துப் பூட்டினார்கள்.

இவை எதற்கும் நோயின் மேல் ஒரு பிடியும் இல்லை. ஆளை அடக்கின, அவ்வளவுதான். அடங்கியதைக் குணம் என்று எழுதிவைத்துக்கொண்டார்கள்.

வலி தருவதற்காகவே கொடுத்த கரண்ட்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்துப் படியுங்கள். பொதுப்பேச்சில் நடக்கும் குழப்பத்தில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது.

முதல் உலகப் போரில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே மாதக்கணக்கில் கிடந்த சிப்பாய்கள் பலருக்குக் காயம் எதுவும் இல்லாமலே பேச்சு நின்றது, கை கால் விளங்காமல் போனது. ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் காஃப்மன் என்ற மருத்துவர், விளங்காத கை கால்களில் கடுமையான மின்சாரம் பாய்ச்சி, கூடவே ராணுவ அதட்டலில் உத்தரவும் போட்டார். லண்டனில் லூயிஸ் யீலண்ட், பேச்சு நின்ற சிப்பாயின் தொண்டைக்குள் மின்முனையை வைத்து, பேசும்வரை விடமாட்டேன் என்று அறைக் கதவைப் பூட்டினார். மின்முனை என்பது உடம்புக்குள் கரண்டை இறக்க வைக்கும் உலோகத் தகடு அல்லது கம்பி.

இங்கே கரண்ட் வேலை செய்தது வலியாக. ஆள் முழு நினைவோடு இருக்க வேண்டும், வலிக்க வேண்டும், பயப்பட வேண்டும். வலிப்பு என்ற பேச்சே கிடையாது. ‘ஷாக் ட்ரீட்மென்ட்’ என்றதும் நம் மனக்கண்ணில் வருவது இதுதான். இ.சி.டி. வேறு வம்சம். ஆரம்பத்தில் அதில் மின்சாரமே இல்லை.

புடாபெஸ்ட்: கற்பூரத்தில் தொடக்கம்

ஹங்கேரியில் லாடிஸ்லாஸ் மெதூனா என்ற மருத்துவர், இறந்த நோயாளிகளின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். காக்கை வலிப்பு இருந்தவர்களின் மூளையில் நரம்பணுக்களைத் தாங்கும் துணை அணுக்கள் மிகுந்து கிடந்தன, மனச்சிதைவு நோய் இருந்தவர்களிடம் குறைந்து தெரிந்தன. அப்படியானால் இந்த இரண்டு நோயும் ஒன்றுக்கொன்று பகையோ, வலிப்பை வரவழைத்தால் மனச்சிதைவு விலகுமோ என்று யோசித்தார். மனச்சிதைவு என்பது இல்லாத குரல் கேட்பது, யாரோ சதி செய்வதாக உறுதியாக நம்புவது போன்றவை உள்ள கடும் மனநோய்.

1934 ஜனவரியில் எண்ணெயில் கரைத்த கற்பூரத்தை ஊசியாகப் போட்டார். ஆமாம், கற்பூரம்தான். குழந்தைகள் தெரியாமல் விழுங்கிவிட்டால் வலிப்பு வரும் என்று குழந்தை மருத்துவர்கள் இன்றும் எச்சரிக்கிறார்களே, அதே குணம். பிறகு கார்டியசால் என்ற மருந்துக்கு மாறினார்.

மெதூனாவின் கொள்கை தவறு. ஒரே ஆளுக்கு இரண்டு நோயும் வரலாம், வருகிறது. ஆனால் வலிப்பு வந்த நோயாளிகளில் சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள், சாப்பிட்டார்கள், பேசினார்கள். தப்பான காரணத்துக்காகச் செய்தது ஓரளவு பலித்துவிட்டது. மருத்துவத்தில் இப்படி நடப்பது அரிதொன்றும் இல்லை.

சிக்கல் கார்டியசாலில் இருந்தது. ஊசி ஏறியதற்கும் வலிப்பு வருவதற்கும் நடுவில் சில கணங்கள் நினைவு இருக்கும். அந்த இடைவெளியில் உயிரே போகப்போகிறது என்ற பீதி ஆளைக் கவ்வும். ஒருமுறை அனுபவித்தவர்கள் அடுத்த ஊசியைப் பார்த்ததும் கெஞ்சி அழுதார்கள்.

ரோம்: பன்றிகள் காட்டிக்கொடுத்தது

இதற்கு மாற்று தேடியவர் ரோமின் மனநலப் பேராசிரியர் ஊகோ செர்லெட்டி. கூட இருந்தவர் லூச்சோ பினி என்ற இளம் உதவியாளர். முதலில் நாய்களிடம் சோதித்தார்கள். ஒரு மின்முனை வாயில், இன்னொன்று ஆசனவாயில். நாய்கள் நிறையச் செத்தன. கரண்ட் இதயத்தின் வழியாகப் போகிறது, அதுதான் காரணம் என்று புரிந்துகொண்டார்கள். தலையின் இரண்டு பக்கமும் வைத்தால் இதயம் வழியில் வராது.

தலையில் வைத்தால் ஆள் பிழைப்பாரா? அதற்குப் பதில் ரோம் நகர இறைச்சிக்கூடத்தில் கிடைத்தது. அங்கே பன்றிகளை மின்சாரத்தால் கொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் செர்லெட்டி பார்க்கப் போனார். பெரிய இடுக்கி ஒன்றால் பன்றியின் தலையை இருபுறமும் பிடித்துக் கரண்ட் கொடுத்தார்கள். பன்றி விறைத்து விழுந்து வலிப்பில் துடித்தது. கசாப்புக்காரர் அப்போது கழுத்தை அறுத்தார். செத்தது கத்தியால். கழுத்தை அறுக்காமல் விட்ட பன்றிகள் கொஞ்ச நேரத்தில் எழுந்து நடந்தன.

1938 ஏப்ரலில் முதல் மனிதர். ரோம் ரயில் நிலையத்தில் யாருக்கும் புரியாத வார்த்தைகளைப் பேசிக்கொண்டு திரிந்தவரைப் போலீஸ் கொண்டுவந்து சேர்த்திருந்தது. முதலில் கொடுத்த கரண்ட் போதவில்லை, வலிப்பு வரவில்லை. அடுத்ததற்குத் தயாரானபோது, அதுவரை உளறிக்கொண்டிருந்தவர் தெளிவாக, இன்னொன்று வேண்டாம், செத்துப்போவேன் என்ற பொருளில் பேசியதாகச் செர்லெட்டியே பின்னாளில் எழுதினார். அளவைக் கூட்டிக் கொடுத்தார்கள். வலிப்பு வந்தது.

அந்த மனிதர் தொடர் சிகிச்சைக்குப் பிறகு தேறி வீட்டுக்குப் போனார், பிறகு நோய் திரும்பியது. ஆனால் அவர் வேண்டாம் என்று சொன்னார், மீறிச் செய்தார்கள். இந்தச் சிகிச்சை பிறந்த நாளிலேயே அந்தக் கறை ஒட்டிக்கொண்டது, என்ன சமாதானம் சொன்னாலும் போகாது.

பெட்டி உலகமெங்கும் பரவியதற்குக் காரணம் எளிது. கரண்ட் பாய்ந்த கணமே நினைவு போய்விடும், கார்டியசாலின் பீதி இல்லை. மருந்துச் செலவும் இல்லை. இன்று கொடூரத்தின் சின்னமாக இருப்பது, வந்த காலத்தில் கொடூரத்தைக் குறைக்க வந்த கருவி.

இதுவரை பார்த்தது: மனநோய்க்கு வலிப்பு பலன் தரும் என்ற எண்ணம் 1934-இல் வந்தது. மின்சாரம் 1938-இல் அதைக் கொளுத்தும் வழியாக வந்து சேர்ந்தது.

எலும்பு முறிந்த வருடங்கள்

சினிமாக் காட்சி முழுப் பொய்யும் இல்லை. தொடக்க காலத்தில் மயக்க மருந்து கிடையாது. வலிப்பில் உடம்பின் எல்லாத் தசைகளும் ஒன்றாக இழுக்கும். அந்த வேகத்தில் முதுகெலும்புக் கட்டைகள் நசுங்கின, சிலருக்குத் தொடை எலும்பு முறிந்தது. நாலைந்து பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள், பல்லுக்கு நடுவே ரப்பர் துண்டு.

1940-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஏப்ரம் பென்னட், தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பில் தடவும் குராரே நஞ்சை மிகச் சிறிய அளவில் கொடுத்துத் தசைகளைத் தளர்த்தினார். அளவு கொஞ்சம் கூடினால் மூச்சே நின்றுவிடும் மருந்து அது. 1950-களின் தொடக்கத்தில் சக்சினைல்கோலின் வந்தது. சில நிமிடங்களே வேலை செய்து விலகிவிடும் தசை தளர்த்தி, அதாவது தசைகள் இழுக்காமல் தற்காலிகமாகத் தடுக்கும் மருந்து. விழித்திருக்கும்போது உடம்பு அசையாமல், மூச்சுவிட முடியாமல் போனால் யாருக்கும் உயிரே நடுங்கும். அதனால் முதலில் மயக்க மருந்து, பிறகு தளர்த்தி என்று முறை அமைந்தது.

மருந்து வந்ததும் எல்லா இடத்திலும் மாறிவிடவில்லை. பெரிய காப்பகங்களில் இந்தப் பெட்டியை அடங்காதவர்களுக்குத் தண்டனையாகவும் பயன்படுத்தினார்கள், ஓரினச்சேர்க்கையாளர்களை ‘மாற்ற’வும் பயன்படுத்தினார்கள். இந்தியாவில் மயக்க மருந்து நிபுணர் பற்றாக்குறையைக் காட்டி, மயக்கம் தராமல் கொடுப்பது இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

லோபாட்டமியோடு ஏன் குழப்பம்?

“மூளையை அறுத்து கரண்ட் வைப்பார்கள்” என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். அறுப்பது வேறு. 1935-இல் லிஸ்பனில் ஏகஸ் மொனிஸ் தொடங்கிய, மூளையின் முன்பகுதி இணைப்புகளைத் துண்டிக்கும் அறுவைதான் லோபாட்டமி. 1949-இல் அதற்காக நோபல் பரிசும் கொடுத்தார்கள். அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமன் 1946-இல் அதைக் கண்குழியின் மேற்பக்கம் வழியாகவே செய்ய ஆரம்பித்தார். முதலில் எடுத்த ஆயுதம் ஐஸ்கட்டி உடைக்கும் குத்தூசி.

நோயாளியை மயங்கவைக்க ஃப்ரீமன் என்ன செய்தார் தெரியுமா? இ.சி.டி. பெட்டியால் வலிப்பு வரவழைத்தார். அதன்பின் வரும் மயக்கத்துக்குள் ஊசியைத் தட்டி இறக்கிவிடுவார். இரண்டும் ஒரே அறையில், ஒரே ஆளின் தலையில் நடந்திருக்கின்றன. ஜனங்கள் குழப்பிக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் லோபாட்டமி அறுத்தது திரும்ப ஒட்டாது. மனநோய்க்கான மாத்திரைகள் 1950-களில் வந்ததும் அது மங்கி மறைந்தது. இ.சி.டி. மட்டும் நின்றது.

இன்றைய அறை

காலையில் வெறும் வயிறு. கையில் ஊசி, மயக்க மருந்து இறங்குகிறது, ஆள் தூங்கிவிடுகிறார். அடுத்து தசை தளர்த்தி. அதற்கு முன்பே ஒரு சின்ன வேலை செய்வார்கள். கணுக்காலுக்கு மேலே பி.பி. பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து இறுக்கிவிடுவார்கள். தளர்த்தி மருந்து ரத்தத்தோடு உடம்பெங்கும் போகும், அந்தப் பாதத்துக்கு மட்டும் போகாது.

சில விநாடி கரண்ட். பழைய பெட்டி வீட்டு மின்சாரத்தைப் போன்ற இடைவிடாத அலையைக் கொடுத்தது. இப்போதைய பெட்டி, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ நீளமுள்ள துடிப்புகளாக நறுக்கிக் கொடுக்கிறது, அதனால் மொத்த மின்சாரம் மிகக் குறைவு. உடம்பு வளைவதில்லை, அலறல் இல்லை. பட்டை கட்டிய அந்த ஒரு பாதம் மட்டும் வெடுக் வெடுக்கென்று ஆடும். அது ஆடுவதை வைத்துத்தான் உள்ளே வலிப்பு ஓடுகிறது என்று தெரிந்துகொள்கிறார்கள். கூடவே மூளையின் மின்துடிப்பை வரைந்து காட்டும் இ.இ.ஜி. கருவியும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நிமிடத்துக்குள் பாதம் நின்றுவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆள் விழித்துக்கொள்வார், கொஞ்சம் தடுமாற்றத்தோடு.

வாரம் இரண்டு அல்லது மூன்று என்று மொத்தம் ஆறிலிருந்து பன்னிரண்டு தடவை வரை கொடுப்பது வழக்கம். யாருக்கு? மனச்சோர்வு முற்றிச் சாப்பாடு தண்ணீரையே ஒதுக்கிவிட்டவர்கள், தற்கொலை எண்ணத்தின் விளிம்பில் இருப்பவர்கள், பேச்சும் அசைவும் நின்று சிலைபோல் உறைந்துவிடும் கேட்டடோனியா வந்தவர்கள். மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், இவர்களில் பலருக்கு அவ்வளவு அவகாசம் இருப்பதில்லை.

ஏன் பலிக்கிறது?

மயக்க மருந்தை மட்டும் கொடுத்துக் கரண்ட் கொடுக்காமல் ஏமாற்றிப் பார்த்த ஆய்வுகள் பிரிட்டனில் 1980-ஐ ஒட்டி நடந்தன. சிகிச்சை நடந்த வாரங்களில் உண்மையான இ.சி.டி. பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். ஆகவே மருத்துவர் கவனிப்பாலும் மயக்கத்தாலும் மட்டும் வரும் பலன் இல்லை.

இந்த இடத்தில் ஆயிரம்வாலாவை மூட்டை கட்டிவிட வேண்டும். வெடி நிற்பது மருந்து தீர்ந்துபோவதால். வலிப்பு நிற்பது மூளை தானே பிரேக் போடுவதால். ஒவ்வொரு தடவையும் அந்த பிரேக் கொஞ்சம் வலுவாகிறது. அடுத்தடுத்த தடவைகளில் வலிப்பை வரவழைக்கப் பெரும்பாலும் கூடுதல் கரண்ட் தேவைப்படுவது இதனால்தான். இந்தத் தடுப்பு வலுப்பதே நோயைத் தணிக்கிறது என்பது முக்கியமான கருத்துகளில் ஒன்று. நினைவு, மனநிலை இரண்டோடும் தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சிகிச்சைக்குப் பிறகு சற்றுப் பெரிதாவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இன்னொன்று. வலது பக்கம் மட்டும் மின்முனைகளை வைத்து, வலிப்பு வரப் போதுமான குறைந்த அளவில் கொடுத்தால் வலிப்பு வருகிறது, பலன் மட்டும் சொற்பம். எங்கே வைக்கிறோம், எவ்வளவு கொடுக்கிறோம் என்பதும் கணக்கில் வருகிறது. கரண்ட் வெறும் ஊதுவத்தி என்று நான் மேலே சொன்னது முக்கால்வாசி உண்மை.

மறதி உண்மைதான்

“ஒன்றும் ஆகாது” என்று சொல்லும் டாக்டரை நம்பாதீர்கள். சிகிச்சை நடக்கும் வாரங்களில் புதிதாக எதுவும் மனதில் நிற்காது, அது பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். சிகிச்சைக்கு முந்தைய மாதங்களின் நினைவுகளில் சில ஓட்டை விழுந்து, சிலருக்குத் திரும்பாமலே போகலாம். தங்கை கல்யாணம் நடந்தது தெரியும், தான் பந்தியில் நின்று பரிமாறியது நினைவில் இல்லை என்ற மாதிரி. துடிப்பு முறையும் வலது பக்கம் மட்டும் வைப்பதும் இதைக் குறைக்கின்றன, ஒழிப்பதில்லை. உயிராபத்து, லட்சம் தடவைக்கு இரண்டு என்ற அளவில், பொதுவாக மயக்க மருந்துக்கு உள்ள ஆபத்தை ஒட்டியது.

நிரந்தரக் குணமும் இல்லை. தேறியபின் தொடர் மருந்து எடுக்காவிட்டால் பெரும்பாலானோருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பிவிடுகிறது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மயக்க மருந்தும் தசை தளர்த்தியும் இல்லாமல் இ.சி.டி. கொடுப்பதை அதன் 95-ஆம் பிரிவு தடை செய்கிறது. 18 வயதுக்குக் கீழ் என்றால் காப்பாளரின் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன்அனுமதியும் வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்வதும் இதே பிரிவுதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் கருகினார்கள். ரஷ்ஷின் நாற்காலிக்கு 190 வருடம் கழித்து, நம் ராமநாதபுரம் மாவட்டத்தில்.

அவசரச் சிகிச்சை என்ற பெயரில் இ.சி.டி. கொடுக்கவும் இச்சட்டம் இடம் தரவில்லை. அதனால் உங்கள் வீட்டில் யாருக்காவது இதைப் பரிந்துரைத்தால் கேட்க நேரம் இருக்கிறது. மயக்க மருந்து டாக்டர் உடன் இருப்பாரா, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, முடிந்தபின் எந்த மருந்தை எத்தனை நாள் தொடர வேண்டும் என்று கேளுங்கள். நோயாளி பேசும் நிலையில் இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்தே கேளுங்கள், கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்.